சர்வரே, சர்வரே, எங்கே போனாய்?



உங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்கும் நடந்திருக்கும். மழைநீர் சேகரிப்பு பற்றி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு கட்டுரை தட்டச்சு செய்கிறீர்கள். படம்கூடச் சேர்த்தாகிவிட்டது. சேமிக்கப் போகும் நேரத்தில் திரையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கிறது. சர்வருடன் தொடர்பு இல்லை என்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்கிறது. உங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது!

அடுத்த நிமிடம் லேபில் ஒரே கூச்சல். "சார், இவன்தான் ஒயரை மிதிச்சான்!" "இல்ல சார், நான் ஒண்ணுமே பண்ணல. அவதான் மவுஸை இழுத்தா!"

இணைப்பு அறுந்து போவது உலகத்தில் எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனால் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் இரண்டு நஷ்டம் வரும். ஒன்று, உங்கள் உழைப்பு வீணாகும். இரண்டாவது இதைவிட மோசம். செய்யாத தவறுக்கு யாரோ ஒரு பிள்ளை திட்டு வாங்கும். இந்த இரண்டும் நடக்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் கட்டுரையைக் காப்பாற்றுங்கள்!

வீட்டில் தீப்பிடித்தால் முதலில் ஆட்களை வெளியே கொண்டு வருவோம். காரணத்தைப் பிறகுதான் ஆராய்வோம். இங்கேயும் அப்படித்தான்.

இணைப்பு அறுந்தவுடன் பதற்றத்தில் கட்டுரையை மூடிவிடாதீர்கள். கம்ப்யூட்டரையும் அணைக்காதீர்கள். நீங்கள் தட்டிய எழுத்துகள் எல்லாம் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் பத்திரமாக இருக்கின்றன. சர்வருக்குப் போகும் பாதைதான் அடைபட்டிருக்கிறது. 'சேவ் ஆஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பில் அந்தக் கோப்பைச் சேமித்து விடுங்கள். இணைப்பு திரும்பி வந்ததும் அதைச் சர்வருக்கு நகல் எடுத்துக் கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சில லேப்களில் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால், டெஸ்க்டாப்பில் வைத்தவை தானாக அழியும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே, "மிஸ், என் கட்டுரை இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

சர்வர் என்றால் யார்?

ஓட்டலில் சர்வரைப் பார்த்திருப்பீர்கள். "ரெண்டு இட்லி, ஒரு வடை" என்று சொன்னால் கொண்டு வந்து வைப்பார். கம்ப்யூட்டர் சர்வருக்கும் அதே பெயர்தான், அதே வேலைதான்! லேபில் ஒரு மூலையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லா மாணவர்களின் கோப்புகளும் இருக்கும. "என் கட்டுரையைக் கொடு" என்று உங்கள் கம்ப்யூட்டர் கேட்டால், சர்வர் எடுத்துக் கொடுக்கும். "இதை வைத்துக்கொள்" என்றால் வாங்கி வைத்துக்கொள்ளும்.

இந்தக் கேள்வியும் பதிலும் போய் வர ஒரு பாதை வேண்டும் அல்லவா? உங்கள் கம்ப்யூட்டரின் பின்புறத்திலிருந்து ஒரு கேபிள் கிளம்பி, நிறையத் துளைகள் உள்ள தட்டையான ஒரு பெட்டிக்குப் போகிறது. அந்தப் பெட்டிக்கு 'ஸ்விட்ச்' என்று பெயர். இது லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. எந்தத் தகவல் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற பெட்டி. அங்கிருந்து இன்னொரு கேபிள் சர்வருக்குப் போகிறது. ஆக, பாதையில் ஐந்து இடங்கள்: உங்கள் கம்ப்யூட்டர், கேபிள், ஸ்விட்ச், இன்னொரு கேபிள், சர்வர். கோளாறு இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில்தான் ஒளிந்திருக்க வேண்டும். இப்போது கொஞ்சம் தைரியம் வருகிறது இல்லையா?

இப்படிக் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைக்கும் முறைக்கு 'ஈதர்நெட்' என்று பெயர். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ராபர்ட் மெட்காஃப், 1973-ம் ஆண்டு மே 22-ம் தேதி இதற்கான திட்டத்தை ஒரு குறிப்பாக எழுதினார். டேவிட் பாக்ஸ் என்பவருடன் சேர்ந்து அதை உருவாக்கியும் காட்டினார். 50 ஆண்டுகள் கடந்தும் அந்த முறை வளர்ந்து வளர்ந்து உங்கள் லேப் வரை வந்திருக்கிறது.

கட்டுரை முழுவதும் ஒரே மூட்டையாகக் கேபிளில் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகும். ஈதர்நெட்டில் ஒரு பொட்டலத்தில் சாதாரணமாக 1500 பைட் வரை தகவல் வைக்கலாம். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் வரிசை எண் உண்டு. வழியில் ஒன்று தொலைந்தால், அதை மட்டும் மறுபடி அனுப்பச் சொல்வார்கள். மறுபடியும் தொலைந்தால் மறுபடியும் அனுப்புவார்கள். பலமுறை முயன்றும் பதில் வராவிட்டால்தான், "இனிப் பயனில்லை" என்று கம்ப்யூட்டர் கைவிடும். அப்போதுதான் உங்கள் திரையில் அந்தச் சின்னப் பெட்டி வருகிறது. அதனால்தான் பல சமயம் இணைப்பு அறுவதற்கு முன்பே லேப் மெதுவாகிவிடுகிறது. தொலைந்த பொட்டலங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

டாக்டர் கேட்கும் நாலு கேள்விகள்

காய்ச்சல் என்று போனால் டாக்டர் உடனே ஊசி போடுவதில்லை. "எத்தனை நாளா? வேறு யாருக்காவது இருக்கா? என்ன சாப்பிட்டே?" என்று கேட்பார். நாமும் எதையும் தொடுவதற்கு முன் நாலு கேள்விகள் கேட்போம்.

1. யார் யாருக்கு அறுந்தது? எனக்கு மட்டுமா, என் வரிசைக்கா, லேப் முழுவதுக்குமா?

2. எப்போது அறுந்தது? ஒரே நேரத்திலா, நினைத்த நேரத்திலா?

3. திரையில் என்ன எழுதியிருக்கிறது? முழுவதும் படித்தீர்களா?

4. அதற்குச் சற்று முன் என்ன மாறியது? மேஜையை நகர்த்தினார்களா? கரண்ட் போய் வந்ததா?

முதல் கேள்வி ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். உங்களுக்கு மட்டும் என்றால், கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் என்றால், ஸ்விட்ச் அல்லது சர்வர் பக்கம் பார்க்க வேண்டும். தெருவில் நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை என்றால் ஃபியூஸைப் பார்ப்போம். தெருவே இருட்டாக இருந்தால் மின்வாரியத்துக்குப் போன் செய்வோம். அதே கணக்குதான்!

சின்ன விளக்கு, பெரிய துப்பு

உங்களுக்கு மட்டும் அறுந்திருக்கிறதா? கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள் செருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பல கம்ப்யூட்டர்களில் அங்கே ஒரு குட்டி விளக்கு இருக்கும். அது எரிந்தால், கேபிளின் மறுமுனையில் ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சிமிட்டிக் கொண்டிருந்தால் தகவல் போய் வருகிறது. அணைந்திருந்தால் மூன்றில் ஒன்று: கேபிள் சரியாகச் செருகப்படவில்லை, கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது மறுமுனையில் ஸ்விட்ச் ஓடவில்லை.

கேபிளின் முனையில் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் செருகி இருக்கும். அதற்கு 'ஆர்.ஜே.45' என்று பெயர். அதன் மேல் ஒரு சின்ன நாக்கு உண்டு. சரியாகச் செருகினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். அந்த நாக்கு ஒடிந்துபோனால், செருகி இடத்தில் நிற்காது. மேஜையில் யாராவது சாய்ந்தால் கழன்று கொள்ளும், அழுத்தினால் ஒட்டிக் கொள்ளும். 'வருது, வருது, போகுது' என்று விளையாட்டுக் காட்டும் இணைப்புகளில் இது மிகச் சாதாரணமான காரணம்.

கேபிளுக்கு உள்ளே மெல்லிய செம்புக் கம்பிகள் எட்டு இருக்கும். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நாலு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் தலைப்பின்னல் போல ஒன்றை ஒன்று சுற்றியிருக்கும். அழகுக்காக இல்லை! பக்கத்தில் ஓடும் மின்கம்பி, விசிறி போன்றவற்றிலிருந்து வரும் தொந்தரவு இரண்டு கம்பியிலும் சமமாக விழும். சமமாக விழுந்ததைக் கம்ப்யூட்டர் சுலபமாகக் கழித்துவிடும். டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-ம் ஆண்டிலேயே கண்ட உபாயம் இது. இப்படிப்பட்ட கேபிளை ஸ்விட்சிலிருந்து 100 மீட்டர் வரைதான் இழுக்கலாம். அதற்கு மேல் நீட்டினால் சைகை மங்கிவிடும்.

இத்தனை நுட்பமான கேபிளின் மேல் பெஞ்சின் காலை வைத்தால் என்ன ஆகும்? எலி கடித்தால்? துடைப்பம் மாட்டி இழுத்தால்? வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கும்.

ஒரு நேரத்தில் ஒன்று!

கேபிள்தான் கோளாறா என்று எப்படி நிச்சயம் செய்வது? ஆசிரியரின் அனுமதியோடு, நன்றாக வேலை செய்யும் பக்கத்துக் கம்ப்யூட்டரின் கேபிளை எடுத்து உங்களுடையதில் செருகிப் பாருங்கள். இப்போது இணைப்பு வந்துவிட்டால், கோளாறு உங்கள் பழைய கேபிளிலோ, அது போய்ச் சேரும் ஸ்விட்ச் துளையிலோ இருக்கிறது. வராவிட்டால், கோளாறு உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

இங்கே ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிளையும் மாற்றி, ஸ்விட்ச் துளையையும் மாற்றி, கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டால், ஒருவேளை சரியாகிவிடும். ஆனால் எதனால் சரியானது? தெரியாது! அந்தக் கெட்ட கேபிள் மறுபடி அலமாரிக்குப் போய், அடுத்த வாரம் வேறு ஒரு பிள்ளையின் கட்டுரையைக் கெடுக்கும். அறிவியல் வகுப்பில் செடிக்குத் தண்ணீர் மட்டும் மாற்றி, வெளிச்சத்தை மாற்றாமல் சோதனை செய்வீர்களே, அதே முறைதான்.

'பிங்' என்று ஒரு குரல்

கேபிள் சரியாக இருக்கிறது. விளக்கும் எரிகிறது. ஆனாலும் சர்வர் கிடைக்கவில்லை. இப்போது சர்வரைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு 'பிங்' என்று ஒரு சின்னக் கருவி எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 1983-ம் ஆண்டு டிசம்பரில் இதை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் கடலுக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு, எதிரில் என்ன இருக்கிறது என்று அறியும் அல்லவா? அந்த ஒலியின் பெயரையே இதற்கும் வைத்தார்.

லேபில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. அதுதான் ஐ.பி. முகவரி. சர்வரின் எண் 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். 'கமாண்ட் பிராம்ப்ட்' என்ற கறுப்புத் திரையில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைத் தட்டுங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டர் நாலு முறை, "இருக்கிறாயா?" என்று கேட்கும்.

நாலுக்கும் பதில் வந்தால் பாதை நன்றாக இருக்கிறது. ஒரே லேபுக்குள் பதில் வர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது! கோளாறு பாதையில் இல்லை, சர்வரின் அமைப்பில் அல்லது உங்கள் பாஸ்வேர்டில் இருக்கலாம்.

நாலில் இரண்டுக்கு மட்டும் பதில் வந்தால் எங்கோ தளர்ந்திருக்கிறது. செருகியையும் கேபிளையும் மறுபடி பாருங்கள்.

ஒன்றுக்குமே பதில் வராவிட்டால் பெரும்பாலும் பாதை அறுந்திருக்கிறது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். சில சர்வர்களைப் பாதுகாப்புக்காக, "யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே" என்று அமைத்திருப்பார்கள். ஆகவே பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த எண்ணையும் பாருங்கள். அது 169.254 என்று ஆரம்பித்தால், அதற்கு யாரும் எண் கொடுக்கவில்லை, தானாகவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு ஒரே எண் விழுந்துவிட்டாலும் குழப்பம்தான். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒரு கடிதத்தை இங்கேயும் அடுத்ததை அங்கேயும் கொடுப்பார்! அதுபோல ஒரு கம்ப்யூட்டரைப் போட்டால் இன்னொன்று அறுந்து போகும்.

பதினோராவதாக வந்த மாணவி

இப்போது ஒரு புதிர். ஒரு பள்ளியின் லேபில் 15 கம்ப்யூட்டர்கள். சர்வராக ஒரு சாதாரண விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டரையே வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 11 பேர் வருகிறார்கள். அதில் ஒரு மாணவி தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருவதால் எப்போதும் கடைசியில்தான் வருவாள். அவள் உட்கார்ந்தால் மட்டும் சர்வர் கிடைப்பதில்லை. வேறு கம்ப்யூட்டரில் உட்கார வைத்தாலும் அதே கதை. "அவ கை ராசி அப்படி" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவள் லேபுக்கு வரவே தயங்குகிறாள்.

கை ராசி என்று ஒன்று கேபிளுக்குள் போகுமா? யோசியுங்கள். நீங்கள் அந்த வகுப்பில் இருந்தால் என்ன சோதனை செய்வீர்கள்?

ஒரு நாள் அவளை முதலில் உட்கார வைக்க வேண்டும். அதே கம்ப்யூட்டர், அதே மாணவி. சர்வர் உடனே கிடைக்கிறது! இப்போது யாருக்குக் கிடைக்கவில்லை? கடைசியாக உட்கார்ந்த பையனுக்கு! ஆக, கோளாறு அவளிடமும் இல்லை, அவள் உட்கார்ந்த கம்ப்யூட்டரிலும் இல்லை. எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

உண்மை இதுதான். விண்டோஸ் எக்ஸ்.பி. புரொஃபஷனல் ஒரே நேரத்தில் 10 இணைப்புகளைத்தான் ஏற்றுக்கொள்ளும். பத்து மேஜைக்கு மேல் கவனிக்காத ஓட்டல் சர்வர் மாதிரி! பதினோராவதாக வருபவர் யாராக இருந்தாலும், "இடமில்லை" என்று சொல்லிவிடும். அந்த மாணவியின் திரையில் வந்த ஆங்கில வாக்கியமும் அதையேதான் சொல்லியிருக்கும். ஒருவரும் முழுவதும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

எக்ஸ்.பி. 2001-ல் வந்தது. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ம் தேதியோடு அதற்கான பராமரிப்பை நிறுத்திவிட்டது. பிறகு வந்த விண்டோஸ் 7, விண்டோஸ் 10 ஆகிய சாதாரணப் பதிப்புகளில் இந்த எல்லை 20. 21-வது பிள்ளை வந்தால் அதே கதைதான்! இதற்கு வழி, சர்வருக்கென்றே செய்த மென்பொருளைப் போடுவது. இலவசமாகவும் ஒன்று உண்டு. லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஓடும் 'சாம்பா' என்ற மென்பொருளில் இந்தப் பத்து, இருபது எல்லை கிடையாது. ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் தொடங்கி வைத்தது அது!

கடிகாரம் பார்த்து அறுகிறதா?

சில இணைப்புகள் நேரம் பார்த்து அறும். உதாரணமாக, ஆசிரியர் கரும்பலகையில் நெடுநேரம் பாடம் நடத்துகிறார். திரும்பி வந்து பார்த்தால், சர்வர் ஃபோல்டரின் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி! பயப்பட வேண்டாம். விண்டோஸ் சர்வரில் 15 நிமிடம் ஒருவர் எதுவும் கேட்காமல் இருந்தால், அவர் போய்விட்டார் என்று நினைத்து இணைப்பைத் துண்டிக்கும்படி முதலிலேயே அமைத்திருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தால் இலையை எடுத்துவிடுவார் அல்லவா, அதுபோலத்தான்! அந்த ஃபோல்டரை மறுபடி சொடுக்கினால் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். லேப் பொறுப்பாளர் அந்த நேரத்தைக் கூட்டி வைக்கவும் முடியும்.

இன்னொன்று. கரண்ட் ஒரு நொடி போய் வருகிறது. யு.பி.எஸ். இருப்பதால் ஒரு கம்ப்யூட்டரும் அணையவில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சர்வர் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்தது. காரணம் என்ன? நாலாவது கேள்வியை நினைத்துப் பாருங்கள்.

கண்டுபிடித்துவிட்டீர்களா? ஸ்விட்ச் பெட்டியை யு.பி.எஸ்.ஸில் செருகாமல், சாதாரணச் சுவர் பிளக்கில் செருகியிருக்கிறார்கள்! அது மட்டும் அணைந்து, மறுபடி விழித்து எழுந்திருக்கிறது. ஆசிரியரிடம் சொன்னால் ஒரு பிளக்கை மாற்றி இந்தத் தொல்லையை அடியோடு ஒழித்துவிடலாம்.

வட்டம் அடிக்கும் தகவல்

மிகவும் வேடிக்கையான கோளாறு ஒன்று இருக்கிறது. தரையில் கிடக்கும் ஒரு கேபிள் முனையைப் பார்த்து, "பாவம், கழன்று கிடக்கிறதே" என்று நல்ல எண்ணத்தில் ஒரு பிள்ளை ஸ்விட்சில் செருகுகிறது. அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கிறது! 'எல்லோருக்கும்' என்று முகவரி எழுதிய பொட்டலம் ஒன்று வந்தால், ஸ்விட்ச் அதை எல்லாத் துளை வழியாகவும் அனுப்பும். அது வட்டமாகச் சுற்றி அதே ஸ்விட்சுக்கு வரும். மறுபடி அனுப்பும். மறுபடி வரும். சில நொடிகளில் லேப் முழுவதும் அடைத்துப் போகும். ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடவென்று சிமிட்டினால், இதைச் சந்தேகிக்கலாம். அந்த ஒரு கேபிளை எடுத்தால் போதும், சரியாகிவிடும்.

இந்த வட்டத்தைத் தானே கண்டுபிடித்து அடைக்கும் முறையை, 1985-ம் ஆண்டு ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி உருவாக்கினார். தன் முறையை விளக்கி ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறார்! பெரிய ஸ்விட்ச்களில் அந்த முறை இருக்கும். விலை குறைந்த சின்ன ஸ்விட்ச்கள் பலவற்றில் இருக்காது.

இந்த வட்டத் தொல்லை பள்ளி லேபில் மட்டும் வருவதில்லை. பெரிய மருத்துவமனையையே இது முடக்கியிருக்கிறது. 2002-ம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பெத் இஸ்ரேல் டீகனஸ் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் வலையமைப்பு படுத்துவிட்டது. அங்கே பெர்ல்மனின் முறை இருக்கத்தான் செய்தது. ஆனால் வலையமைப்பு ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, அந்த முறை தாங்கும் அளவைத் தாண்டி வளர்ந்திருந்தது. தகவல்கள் சுற்றில் சிக்கிக்கொண்டன. ஏறக்குறைய நாலு நாட்கள் டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா, யார் மீதும் பழி போட்டு மூடி மறைக்கவில்லை. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். மற்ற மருத்துவமனைகள் அதைப் படித்துத் தங்கள் வலையமைப்பைச் சரிபார்த்துக் கொள்ள முடிந்தது.

லேபுக்கு ஒரு நோட்டு

நீங்களும் அதையே செய்யலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். அதை லேபில் கட்டித் தொங்க விடுங்கள். இணைப்பு அறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தக் கம்ப்யூட்டர், திரையில் வந்த செய்தி, என்ன மாற்றினோம், என்ன ஆனது. பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டாம். கம்ப்யூட்டரின் எண் போதும்.

ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். '7-ம் எண் கம்ப்யூட்டர்' என்பது ஆறு முறை வந்திருக்கும். அல்லது எல்லாக் கோளாறும் மழை பெய்த நாளில் வந்திருக்கும். இல்லையென்றால் எல்லாமே மதியம் ஜெனரேட்டர் மாறும் நேரமாக இருக்கும். ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியாதது, முப்பது நாளில் தெரியும். பழுது பார்க்க வருபவருக்கும் அந்த நோட்டு பெரிய உதவியாக இருக்கும். அவர் வரும்போது கோளாறு ஒளிந்துகொண்டு நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும் அல்லவா!

செய்யக்கூடாதவையும் சில உண்டு. மின்சாரப் பிளக்குகளையும் யு.பி.எஸ்.ஸையும் நீங்கள் தொடாதீர்கள். சர்வரை அணைக்காதீர்கள். அதில் அந்த நேரத்தில் வேறு யாருடைய கட்டுரையோ போய்க் கொண்டிருக்கலாம். அடுத்தவர் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். கேபிளைக் கழற்றுவதற்கு முன் ஆசிரியரிடம் கேளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம், குட்டி டாக்டர்களே! ஒரு லேபில் முதல் வரிசையில் உள்ள ஐந்து கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் இணைப்பு போய்விட்டது. மற்ற வரிசைகள் நன்றாக இருக்கின்றன. முதல் வரிசைக்கென்று தனியாக ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. அது பெரிய ஸ்விட்சுடன் ஒரு கேபிளால் இணைந்திருக்கிறது. நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? இரண்டாவதாக எதை? காகிதத்தில் படம் வரைந்து, நண்பர்களோடு சேர்ந்து யோசியுங்கள்.

அடுத்த முறை உங்கள் லேபில் அந்தச் சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும்போது, "யார் செய்தது?" என்று ஒரு குரல் கட்டாயம் கேட்கும். அப்போது நீங்கள் எழுந்து, "சார், முதலில் எங்கே அறுந்தது என்று பார்ப்போமா?" என்று கேளுங்கள். கேபிளைத் தேடுவதற்குள் கடைசி பெஞ்சில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாதிப் பயம் போய்விடும்.